நுரைக்க மறுத்த இருபத்து நான்கு பாட்டில்கள்

தென் சிலியில் எங்கள் சீலோயே தீவில் ஆப்பிள் கள் இரண்டு வகை. ஏப்ரலில் பழத்தை அடித்துப் பிழிந்ததும் குடிப்பது இனிக்கும். மாதக்கணக்கில் புளிக்கவிட்டுக் குடிப்பது எப்படி என்றால், குடித்தவர் முகத்தைப் பார்த்தாலே நமக்குப் பல் கூசும். பிப்ரவரியில் வரும் கோடைத் திருவிழாவில் இருபது வருடமாக தோன் பெலார்மினோ விற்பது இரண்டாவது வகை. திருவிழாக் குழுவின் தலைவரும் அவரே. ஆகவே அவர் கடையைப் பற்றிக் குழுவுக்கு இதுவரை புகார் வந்ததில்லை.

அந்தத் திருவிழாவில் ஒரு கள்ளுக்கடை போட என் அக்கா நோல்வியாவுக்கு அனுமதி வேண்டும். ஆறு வருடம் சால்மன் மீன் ஆலையில் முள் பிடுங்கி அவள் விரல்கள் மரத்துக் கிடந்தன. அனுமதி கிடைக்காவிட்டால் ஜூலை முதல் தேதி மறுபடி ஆலை.

இனிக்கவும் வேண்டும், நுரைக்கவும் வேண்டும் என்பது அவள் திட்டம். இனிப்பு மிச்சமிருக்கும்போதே கள்ளை பாட்டிலில் அடைத்தால், உள்ளே ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடும். அப்படியே விட்டால் முழு இனிப்பையும் தின்று பாட்டிலையும் வெடிக்க வைத்துவிடும். அதனால் சரியான நேரத்தில் சுடுதண்ணீரில் இறக்கி ஈஸ்ட்டைக் கொல்ல வேண்டும். கண்ணாடியை அமுக்கி நேரம் பார்க்க முடியாதே. அதற்காக ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே கள்ளை ஊற்றி, இருபத்து நான்கு கண்ணாடி பாட்டில்களோடு குளிர்ந்த பின்னறையில் வைத்தாள். பிளாஸ்டிக் கல்லாக இறுகினால் மற்றவையும் தயார்.

"தொட்டே, கைய உடைச்சிருவேன்" என்றாள் என்னிடம். நான் கல்லூரியில் விவசாயம் படிப்பவன். வீட்டில் அதற்கு மரியாதை இவ்வளவுதான்.

ஐந்தே நாளில் பிளாஸ்டிக் கல்லாகிவிட்டது. அக்கா இருபத்து நான்கையும் சுடுதண்ணீரில் இறக்கி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோன் பெலார்மினோ ருசி பார்க்க வந்தார்.

முதல் பாட்டிலின் மூடி சத்தமில்லாமல் கழன்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"ஏம்மா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கவா வச்சிருக்க?" என்றார். "ஜூஸ் நல்லாத்தான் இருக்கு. பல்லு முளைக்காததுங்களுக்குக் குடு."

அக்கா முகம் வெளுத்தது. அம்மா ஏப்ரனைக் கசக்கினாள்.

"நீ வெளிய போனப்பல்லாம் அந்த பிளாஸ்டிக்கை அடுப்போரம் கொண்டாந்து வச்சேன்டி. குளிர்ல பெட்டிக்கு வெளிய தனியா நின்னுச்சு, பாவம்."

எங்கள் தீவில் ஈரக் காலுறை, பூனை, ரொட்டி மாவு, விருந்தாளி எல்லாமே விறகடுப்போரம்தான். அதிலும் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட பாட்டில்; சூட்டில் அது மட்டும் முந்திக்கொண்டு இறுகியிருக்கிறது.

"வச்சதுதான் வச்சே, எல்லாத்தையும் வைக்கக் கூடாதா?"

"அந்தப் பெட்டி என்னா கனம்!"

தோன் பெலார்மினோ சொந்தச் சரக்கில்லாமல் எங்கும் போகமாட்டார். வாய்த்தித்திப்பு போக, பையிலிருந்த தன் புளித்த கள்ளை எங்கள் ஜூஸ் மேலேயே ஊற்றிக் குடித்தார். இன்னொரு முறை அதேபோல ஊற்றினார். அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, உங்க கள்ளுல ஈஸ்ட் உயிரோட இருக்கா?"

"நான் செத்தாலும் அது சாகாது."

"அஞ்சு லிட்டர் குடுங்க. பத்து நாள் டைம் குடுங்க."

"என் கள்ளை வச்சு என்கிட்டயே கடை கேப்பியா?"

"ஆமா."

அம்மா அவர் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு ரொட்டி வைத்தாள். அவர் அதை முழுசாகத் தின்றுவிட்டுத்தான் பேசினார்.

"அஞ்சு பத்தாது. ஏழு எடு."

எல்லா பாட்டிலையும் திறந்து, அவர் கள்ளைக் கலந்து, மறுபடி அடைத்தோம். இந்த முறை கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஒன்றாக அடுப்போரம். பெட்டியைத் தூக்கியவன் நான். படிப்பு கடைசியில் பயன்பட்டது. எட்டாம் நாள் பிளாஸ்டிக் இறுகியது. அக்கா கண்ணாடி பாட்டில்களைச் சுடுதண்ணீரில் இறக்கினாள்.

பத்தாம் நாள் மூடி கழன்றபோது புஸ்ஸென்ற சத்தத்தில் பூனை அடுப்புக்குப் பின்னால் ஓடியது. நுரை பொங்கி மேசை விரிப்பெல்லாம் வழிந்தது. தோன் பெலார்மினோ குடித்தார். மீசையைத் துடைத்தார்.

"புளிப்பு என்னுது."

"இனிப்பு என்னுது" என்றாள் அக்கா.

"நுரை என் அடுப்பு" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே.

"என் கடைக்குப் பக்கத்துல உனக்கு எடம் கிடையாது" என்றார் அவர். அக்கா டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். "பக்கத்துல போட்டா என் கூட்டம் உன் பக்கம் சாஞ்சிரும். திருவிழா வாசல்லயே போடு. உன்கிட்ட ரெண்டு டம்ளர் அடிச்சிட்டு வர்றவனுக்கு என்னுதும் ருசிக்கும்."

ஜூலை முதல் தேதி காலை, ஆலை வேன் வாசலில் ஹாரன் அடித்தது. அக்கா பாட்டில் கழுவிய சோப்பு நுரைக் கையோடு வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னாள். வேன் அவள் இல்லாமலே போனது.

"என்னக்கா சொன்ன?"

"ஆலைல காலி பாட்டில் கிடந்தா சாயங்காலம் இறக்கிட்டுப் போகச் சொன்னேன். என்னடா பாக்குற? கழுவு."