இரவல் கை

கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டதுமே கட்டைவிரல்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் போக வேண்டிய இயந்திரக் கை எதிர்ப்பக்கம் திரும்பி, தூக்கிய ஜன்னல் கண்ணாடியைக் கொண்டுபோய்த் தூணில் மோதியிருந்தது.

அந்தக் கை எந்தப் பக்கம், எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணினியில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பக்கத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரே வழிதான்: வலது கைக் கட்டைவிரலை இயந்திரக் கை சுழலும் அச்சின் திசையில் நீட்டினால், மற்ற விரல்கள் மடங்கும் பக்கம் கூட்டல், எதிர்ப்பக்கம் கழித்தல். வருஷக்கணக்காக விரலை நீட்டிக்கொண்டு நின்றவரை, "என்ன சார், லிஃப்ட் கேக்குறீங்களா?" என்று கேலி பேசிப் பேசியே பட்டறை அந்தப் பேரை வைத்துவிட்டது.

இப்போது வலது கையில் விரல் நுனிவரை மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தவர் வாய்விட்டுக் கத்தினார். கேட்க ஆளில்லை என்பது உறைத்ததும் தானே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். விடுப்பு வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். மனைவி போன பிறகு அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்க அவருக்குப் பயமாக இருந்தது. இடது கையால் பார்த்து, வருகிற விடையைத் தலைகீழாக மாற்றி எழுதிச் சமாளித்துவந்தார். இன்று மாற்ற மறந்துவிட்டார்.

மேலாளர் கோபப்படவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

"கட்டு பிரிக்கிற வரைக்கும் வீட்ல நிம்மதியா இருங்க சார். இதை மட்டும் சரிபண்ணிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

நாளையிலிருந்து கட்டைவிரல்காரர் வேலையையும் சேர்த்துப் பார்க்கப்போகிற பக்கத்து மேசைக்காரி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் வலது கை சும்மாதானே இருக்கு. இதை வச்சுப் பாருங்க."

தயங்கித் தயங்கி அவள் கட்டைவிரலைப் பிடித்து மேல்நோக்கித் திருப்பினார். அவள் விரல்களை மடக்கினாள். கண்ணாடி போக வேண்டிய பக்கமும் அதுதான், கூட்டல் போட்டார். அடுத்த வரிக்குக் கட்டைவிரல் பக்கவாட்டில். இந்தத் தடவை விரல்கள் மடங்கியது வேண்டியதற்கு எதிர்ப்பக்கம், அதனால் கழித்தல். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. கடைசியாக யார் கையைப் பிடித்தோம் என்று யோசித்தார். கட்டுப் போட்ட டாக்டரைத் தவிர ஒருத்தரும் நினைவுக்கு வரவில்லை.

"அவ்ளோதானா சார்?"

திரையில் எல்லா வரிகளும் பச்சையாகியிருந்தன. சரிபார்த்து முடிந்தது என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் சார்?" என்று கையை மறுபடி நீட்டினாள்.

எந்தப் பக்கம் திருப்புவதென்று அவருக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்.