இலுப்பைக்கு ஊற்றிய தண்ணீர்

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி வழிந்து, ஒரகடத்து லைன் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் இசக்கிபாண்டி கட்டிலையோ அடுப்பையோ தேடவில்லை. வாசல் சுவரோரம் கட்டி வைத்திருந்த பால் கவர்களைத்தான் பார்த்தான். அவன் மனைவி சுகப்பிரியா ஆடி மாதம் கோயில் மரத்தடியில் பொறுக்கி வந்த இலுப்பை விதைகளை அவற்றில் ஊன்றியிருந்தாள். முளை விட்டதைப் பார்த்தாள். அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கை பட்டு உயிரோடு மிஞ்சியவை அந்தக் கன்றுகள் மட்டும்தான்.

சேறு பூசிக்கிடந்தாலும் இலைகள் பச்சையாகவே இருந்தன. வெயில் வந்த பிறகுதான் தொங்கின.

"தாகமா கீது போல. தண்ணி ஊத்துப்பா," என்றாள் பக்கத்து அறை ரத்னா.

"ஊத்துதேன்க்கா."

கம்பெனி பஸ்ஸுக்குப் போகுமுன் தினமும் ஒரு செம்பு ஊற்றினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாய்ந்திருந்த கன்றைத் தொட்டான். கையோடு வந்தது. வேர் கறுத்துச் சாக்கடை போல நாறியது. மறுநாள் கம்பெனித் தோட்டக்காரர் கோதண்டத்திடம் கேட்டான்.

"தண்ணியில நின்ன வேரு மூச்சு முட்டி அழுவிடும்பா. இலை தொங்கும், தாகம் மாதிரியே இருக்கும். காய வுட்டிருந்தா ஒண்ணு ரெண்டு பொழச்சிருக்கும். ஊத்துனியா இன்னா?"

இசக்கிபாண்டி கம்பெனி பஸ்ஸை நோக்கி நடந்தான்.

அறைக்குத் திரும்பியபோது எல்லாக் கன்றுகளும் சாய்ந்து கிடந்தன. பக்கத்தில் ரத்னா செம்போடு நின்றாள்.

"நீ போன பொறவு நானும் டெய்லி ஊத்திக்கினுதான் இருந்தேன் பாண்டி. நைட் ஷிப்டு போறப்ப எதிர் ரூம் சாம்சனும் பாட்டில் தண்ணிய ஊத்திட்டுப் போவான். அந்தப் பொண்ணு வெச்சதாச்சேன்னு பாத்துக்கினோம். இன்னா கொறை வெச்சோம்?"

அவன் அந்தச் செம்பையே பார்த்தான்.

"ஒரு கொறையும் வைக்கலக்கா. வெள்ளத்துலயே போயிட்டு. நீங்க ஊத்துன தண்ணியிலதான் இத்தன நாளாவது நின்னுச்சு."

ரத்னா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்தப் பொய்யைச் சாமி பொறுத்துக்கொள்ளும்.

கவர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். தண்ணீர் வடிய அடியில் சுகப்பிரியா ஊக்கால் குத்தியிருந்த ஓட்டைகளெல்லாம் வெள்ளச் சேற்றில் அடைந்திருந்தன. ஓர் ஊக்கைத் தேடி எடுத்து வாசலில் உட்கார்ந்தான். இருட்டும்வரை அந்த ஓட்டைகளைத் திறந்துகொண்டிருந்தான்.