சிக்னல் போனால்

ரிமோட் படகின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, விளிம்பு முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். சரியாக ஒட்டாவிட்டால் உள்ளே தண்ணீர் போகும். என் மனைவி ஐனாஷ் ஓட்டிய காலமெல்லாம் இது என் வேலை. டேப், அச்சுக்குக் கிரீஸ், படகின் பேட்டரிக்குச் சார்ஜ். பிறகு இடுப்பு வரை வரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, படகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது. மேலே மரமேடையில் அவள் ரிமோட்டோடு நிற்பாள். "விடு" என்பாள். விடுவேன். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும் படகு அது. என் கண் அதன் பின்னால் போனதில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். படகு எங்கே இருக்கிறது என்பது அதிலேயே தெரியும். திருப்பம் வந்தால் கீழுதட்டைக் கடிப்பாள்.

ஜனவரியில் இறந்துவிட்டாள். அடுப்பில் பால் வைத்துவிட்டுத் தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். முப்பது வயது. நாற்பதாம் நாள் கழிந்ததும் என் மாமியார் வந்து துணிமணிகளைப் பிரித்துக் கொடுத்தார். கோட்டு தங்கைக்கு, குளிர்காலப் பூட்ஸ் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. அலமாரி மேல் இருந்த படகை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "ஓட்டுறவங்க யாருக்காச்சும் குடுத்துடுங்க மாப்ள. போனவங்க சாமான் சும்மா கெடக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். அப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை எளிதாக முடிந்தது.

ஓட்டுகிறவர் என்றால் எங்கள் ஊரான பாவ்லோதாரில் வெனேரா அக்காதான். பல்செட் செய்கிறவர், தாத்தார் இனத்துப் பெண். ஐனாஷுக்கும் அவருக்கும் ஒவ்வொரு பந்தயமும் சண்டையில் தொடங்கி ஒரே தட்டுச் சம்சாவில் முடியும். மே மாதம் இர்திஷ் ஆற்றில் பனிக்கட்டி போய், தண்ணீர் ஏறியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். மேலே அணையைத் திறந்திருந்தார்கள். ஆறு பழுப்பாக ஓடியது. கிளப்காரர்கள் படகு விடும் ஒதுங்கிய குடாவில் மட்டும் தண்ணீர் கறுப்பாகவும் கிட்டத்தட்ட அசையாமலும் கிடந்தது. இரண்டும் சேரும் இடத்தில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு.

தோலிக் ரப்பர் ஓடத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். நின்றுபோன படகுகளை இழுத்து வருவது அவன் பொறுப்பு. அலுமினிய ஆலையில் வெல்டர். என்னைப் பார்த்ததும் பிளாஸ்கை நீட்டினான்.

"டீ குடி மாப்ள. ஊரெல்லாம் ஐஸ் ஒடஞ்சிடுச்சு, உன் மூஞ்சில மட்டும் இன்னும் ஒடையல."

"டேய், வாய் அடிக்கிற நேரத்துக்குப் பம்ப அடி" என்றார் வெனேரா அக்கா.

"போன வருஷம் உங்க படக எத்தன தடவ இழுத்துட்டு வந்தேன்? ஒரு நன்றி உண்டா?"

"உன் தொப்பைக்கு வேல குடுத்தேன்ல. நீதான் எனக்கு நன்றி சொல்லணும்."

படகை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கறுப்பு கார்பன் உடம்பு. பெயிண்ட் எடை கூட்டும் என்று ஐனாஷ் கடைசிவரை அடிக்கவிடவில்லை. அதனால் நின்றுவிட்டால் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. இதற்கு முன்னால் இருந்த கறுப்புப் படகு அப்படித்தான் தொலைந்தது. சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்பது கிளப் விதி. பந்தயக் காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு படகையும் சோதிப்பார்கள். விதிப்படி அதுவும் நின்றது. நின்ற படகைக் காற்று தள்ளிக்கொண்டு போய் ஆற்றில் சேர்த்தது. தோலிக் இருட்டும்வரை துடுப்புப் போட்டான். "இந்நேரம் ரஷ்யா போயிருக்கும். ஓம்ஸ்க்ல எவனோ அதுல மீன் வறுக்கிறான்" என்றான். அன்றைக்கு ஐனாஷ் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை.

வெனேரா அக்கா பையிலிருந்து தன் ரிமோட்டை எடுத்து வைத்தார்.

"படகுக்குள்ள இருக்குற ரிசீவருக்கு ஒரு ரிமோட்டத்தான் தெரியும், சாயான். என்னோடத சேத்தா அவளோடத மறந்துடும். அவ உள்ள போட்டு வச்ச செட்டிங் எல்லாம் அழிஞ்சிடும். பரவால்லயா?"

"சரிக்கா."

தன் ரிமோட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"சேக்குறதுக்கு முன்னாடி அவ ரிமோட்ல ஒரு தடவ ஓட்டிடு."

"எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா."

"தெரியும்னு எவன் சொன்னான்? மேல ஏறு. நான் தண்ணில எறங்குறேன்."

மேடையில் அதுவரை நான் நின்றதில்லை. அங்கிருந்து பார்த்தால் குடா சின்னதாக இருந்தது. ரிமோட் துப்பாக்கி மாதிரி கைக்குள் உட்கார்ந்தது. பிடியில் சுற்றியிருந்த துணி அவள் விரல்களுக்கு ஏற்ப தேய்ந்திருந்தது. என் விரல்கள் அந்தப் பள்ளங்களில் பொருந்தவில்லை. கீழே வெனேரா அக்கா இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். நான் "விடு" என்று சொல்ல வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் நொடியே நாணலை நோக்கிப் போனது. ரிமோட்டின் பக்கவாட்டுச் சக்கரத்தை வேகமாகத் திருப்பினேன். ஒரு துள்ளு துள்ளி வயிற்றைக் காட்டிவிட்டு மறுபடி படிந்தது. "மெதுவாடா, அது என்ன மாடா?" என்று தோலிக் கத்தினான். விசையைத் தளர்த்தினேன். பிறகு கொஞ்சம் பிடிபட்டது. நேராகப் போனது. அந்தச் சத்தத்தை நான் தண்ணீருக்குள் நின்றபடிதான் கேட்டிருக்கிறேன், கால் எலும்பில். இங்கே அது காதில் மட்டும் கேட்டது. மெலிசாக, வேறு எதுவோ போல. இதைத்தான் அவள் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

ரிமோட் பீப் என்றது. மறுபடியும் பீப். படகு என்றால் எனக்கு எல்லாம் தெரியும். முந்தின இரவே அதன் பேட்டரியைச் சார்ஜ் போட்டிருந்தேன். ரிமோட் அவளுடைய பொறுப்பு. அதற்குள்ளும் பேட்டரி இருக்கும், போன அக்டோபரிலிருந்து அலமாரியில் கிடந்தது அது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. சிவப்பு விளக்கு ஒருமுறை துடித்து அணைந்தது.

படகு அப்போது குடாவின் நடுவில் முழு வேகத்தில் இருந்தது. விசையை விட்டேன், அழுத்தினேன். ஒன்றுமில்லை. நிற்கப் போகிறது, கறுப்புத் தண்ணீரில் மறையப் போகிறது என்று தோன்றியது.

மறையவில்லை. வேகம் சட்டென்று இறங்கியது. மூக்கு இடது பக்கம் திரும்பியது. மெதுவாக ஒரு வட்டம் போட்டது. முடித்துவிட்டு அதே வட்டத்தை மறுபடி போட்டது. பின்னால் நுரை வெள்ளையாக வளையம் கட்டியது.

"என்னடா இது, நிக்க மாட்டேங்குது?" என்றான் தோலிக். "நீ திருப்புறியா?"

செத்த ரிமோட்டைத் தூக்கிக் காட்டினேன்.

வெனேரா அக்கா தண்ணீர் சொட்டச் சொட்ட மேடைக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. அந்த வளையத்தைப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"கள்ளி! போன ஜூன் மாசம் என் கண்ணு முன்னாடிதான் நிறுத்திக் காட்டினா. நாந்தான் சோதிச்சேன், கையெழுத்துப் போட்டேன். அதுக்கப்புறம் மாத்தியிருக்கா. சிக்னல் போனா சுத்தணும்னு சொல்லி வச்சிருக்கா. நின்னா கண்ணுக்குத் தெரியாது, சுத்துனா தெரியும்ல." சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. "உங்கிட்ட சொன்னாளா?"

"இல்ல."

"நான் போயி எடுத்துட்டு வந்துடறேன்" என்று தோலிக் ஓடத்தைத் தள்ளினான்.

"அடியில விசிறி சுத்துறப்ப கிட்ட போகாத, வெரல் போயிடும். இவன் நிறுத்துனாத்தான் நிக்கும்."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரே வட்டமாகத் தெரிந்தாலும் ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கீழே போனது, குடாவின் வாயை நோக்கி. யாரும் ஓட்டவில்லை. அவள் சொன்னதை அது செய்துகொண்டிருந்தது. இந்த ஊரில் அவள் சொன்னதை இன்னும் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். நான் ரிமோட்டை உயிர்ப்பித்தால் அந்த நொடியே அதை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேட்கும்.

வெனேரா அக்கா தன் ரிமோட்டின் பின்பக்கத்தைத் திறந்து, பேட்டரிகளைத் தட்டி எடுத்து என் கையில் திணித்தார். அவர் விரல்கள் ஐஸாக இருந்தன.

"இதப் போடு. என் ரிமோட்டோட சேக்கறதா வேணாமான்னு அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அதக் கூட்டிட்டு வா."

பழைய பேட்டரிகளை வெளியே தள்ளினேன். புதியதை ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசி ஒன்று உள்ளங்கையிலேயே இருந்தது.

"சாயான்" என்றார்.

"ஒரு சுத்து மட்டும்க்கா."

கீழே தோலிக் துடுப்பைத் தண்ணீரில் விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படகு மூக்கை இடது பக்கம் சாய்த்து அடுத்த வட்டத்தைத் தொடங்கியது. அந்த வளையத்தில் பாதி குடாவின் கறுப்புத் தண்ணீரிலும், பாதி கோட்டைத் தாண்டிப் பழுப்பு ஆற்றிலும் இருந்தது. ஆற்றுப் பக்கத்து நுரை இழுபட்டு நீண்டுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் இன்னும் வட்டமாகவே இருந்தது.