பட்டாபி சாப்பிடாத அமாவாசை

கல்கத்தா பாலிகஞ்ச் காக்கைகளில் பட்டாபியைப் போல வயிற்றுக்கு அடிமையானது இன்னொன்று கிடையாது. அமாவாசையன்று பாங்க் ஆபீசர் மஹாதேவன் தர்ப்பணம் முடித்து, மொட்டைமாடிச் சுவரில் சாதம் வைத்து "கா, கா" என்று கூப்பிட்டால், இரண்டாவது "கா"வுக்குள் அது ஆஜர். அது எடுத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள்.

இந்த அமாவாசையில் ஒரு சிக்கல். மஹாதேவனுக்கு விசாகப்பட்டினம் மாற்றல். சாமான்கள் லாரியில் போயாயிற்று. சாப்பிட்டதும் டாக்சி ஏறி ஹௌரா போக வேண்டியதுதான். ஆனால் வீட்டுப் பூனை ஹம்சினி, பெட்டிக்கு ஆணி அடித்த சத்தத்தில் மிரண்டு காலையிலேயே ஓடிவிட்டது.

கண்டுபிடித்தது பட்டாபிதான். ஸ்டேஷன் டீக்கடையின் தகரக் கூரையில் பூனை நடுங்கிக்கொண்டிருந்தது. பட்டாபி தெருநாய் போலாவை அழைத்து வந்தது.

"இறங்கு. என் வாலை மட்டும் பாத்துக்கிட்டே வா" என்றது போலா.

"எனக்குக் காலே வரல்ல. அதுக்குள்ள அவா கெளம்பிடுவா" என்றது ஹம்சினி.

"கெளம்ப மாட்டா. நான் சாப்பிடாம இருக்கேன்" என்றது பட்டாபி.

போலா விழுந்து விழுந்து சிரித்தது. நான்கு வருஷமாகப் பட்டாபியை அறிந்த நாய், சிரிக்காமல் என்ன செய்யும்?

சுவரில் நெய் மினுங்கும் பருப்பு சாதம், வாழைக்காய் கறி. மொட்டைமாடிக்குத் திரும்பிய பட்டாபி எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. வாசனைக்கு ஏது இமை? இரண்டு இளங்காக்கைகள் இறங்கின. கொத்தி விரட்டியது.

"ஏன்னா, எதிர்க்கவே இருக்கு, தொடமாட்டேங்கறதே" என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி. அவள் கண் தெருக்கோடியிலேயே இருந்தது.

"அப்பாவுக்கு என்ன குறையோ. அது எடுக்காம நான் படி எறங்க மாட்டேன்."

கீழே டாக்சி மூன்றாம் முறை ஹாரன் அடித்தது. பட்டாபிக்குத் தலை சுற்றியது. ஒரே ஒரு பருக்கை எடுத்தால் யாருக்குத் தெரியும்? அலகு சாதத்தின் மேல் வந்துவிட்டது. மஹாதேவன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பட்டாபி அலகை இழுத்துக்கொண்டது.

அப்போது தெருமுனையில் போலாவின் வால் தெரிந்தது. வாலுக்குப் பின்னால், ஒட்டடை படிந்த ஹம்சினி. விஜயலக்ஷ்மி படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். பூனையைக் கூடையில் வைக்கும்போது அழுதாள்.

இனிமேல் பட்டாபி சாப்பிடலாம். குனிந்தது, நின்றுவிட்டது. வாய் வைத்த மறுகணம் இவர்கள் போய்விடுவார்கள். வைக்காவிட்டால்? இன்றைக்குப் போகமாட்டார்கள். ஒருவேளை நாளைக்கும்.

மஹாதேவன் கைகூப்பினார். "எடுத்துக்கோங்கோப்பா. பொறப்படணும்."

அந்தக் குரலைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. ஒரு வாய் எடுத்தது.

அரைமணியில் டாக்சி முனை திரும்பியது. திறந்து கிடந்த கதவு வழியாகப் போலா மாடிக்கு ஏறி வந்தது. அந்த ஒரு வாய் போக, சாதம் அப்படியே இருந்தது.

"நீ தின்னு. எனக்குப் பசிக்கல" என்றது பட்டாபி.

இந்தத் தடவை போலா சிரிக்கவில்லை.