சுடாத கன்னம்

ஜுசாரா காய்ச்சும் ஆந்திரோபா மரக்கொட்டை எண்ணெய்க்கு ஆற்றோரக் குடியிருப்புகளில் நல்ல பெயர். கொட்டைகளை வேகவைத்து, வாரக்கணக்கில் ஆறப்போட்டு, பருப்பைச் சுரண்டிப் பிசைந்து, சரிந்த பலகையில் வைத்துச் சொட்டுச் சொட்டாக வடிப்பாள். அதோடு கொபாய்பா மரத்து எண்ணெயையும் கொஞ்சம் கலந்து தடவினால் பரு அடங்கும் என்று படகில் வந்து வாங்கிப் போவார்கள். அடங்கவும் செய்தது. அம்மா செத்த பிறகு அவளிடம் வந்து சேர்ந்த தங்கை எடிலேயாவின் முகமே அதற்குச் சாட்சி. பதினாறு வயதில் சீழ் வைத்த பருக்களோடு வந்தவள், இரண்டே வருஷத்தில் ஊர்ப் பையன்கள் படகை நிறுத்திப் பார்க்கிற மாதிரி ஆனாள்.

அதனால்தான் இருபத்தோரு வயதில் அவளுடைய வலது கண்ணுக்குக் கீழே வெளிறிய திட்டு ஒன்று விழுந்தபோது இருவருமே கவலைப்படவில்லை.

"படைதான்டி. ரெண்டு மாசத்துல போயிடும்," என்றாள் ஜுசாரா.

"கல்யாணத்துக்குள்ள போகுமா அக்கா? நிவால்டோ என் மூஞ்சியப் பாக்காம தட்டையே பாத்துச் சாப்பிடுறான்."

"அவன் என்னைக்குடி தட்டை விட்டு வேற எதைப் பாத்தான்?"

காலையும் மாலையும் ஜுசாராவே விரலால் தொட்டுத் தடவிவிட்டாள். தோல் மிருதுவானது, செதில் உதிர்வது நின்றது. நிறம் மட்டும் திரும்பவில்லை. திட்டின் ஓரம் சிவந்து தடித்தது.

"எரியுதா?"

"ஒண்ணுமே தெரியலக்கா."

எரியவில்லை என்பதை ஜுசாரா நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள். மாதம் ஒருமுறை படகில் வரும் சுகாதார ஊழியர் க்ரெயூசா அம்மா, "ஒரு தடவை டவுனுக்குக் கூட்டிட்டு வாயேன்," என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "ஒரு படைக்கா அவ்வளவு தூரம் வரணும்?" என்று ஜுசாரா சிரித்து அனுப்பிவிட்டாள்.

பதினாலு மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் எடிலேயா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து கொதிக்கும் எண்ணெய் தெறித்து அவள் கன்னத்தில் விழுந்ததை ஜுசாரா பார்த்தாள். எடிலேயா முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. மீனைப் புரட்டியபடி ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். திட்டின் நடுவில் கொப்புளம் மெல்ல எழும்பியது.

"சுடலயா உனக்கு?"

"எது?"

மறுநாளே டவுனுக்குப் போனார்கள். நர்ஸ் எடிலேயாவின் கண்ணை மூடச்சொல்லி, வெந்நீர் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றும் குளிர்ந்த நீர் நிரப்பியது ஒன்றும் மாற்றி மாற்றிக் கன்னத்தில் வைத்தாள். எது சூடு, எது குளிர்ச்சி என்று எடிலேயாவால் சொல்ல முடியவில்லை. வலது இமை முழுதாக மூடவுமில்லை. அந்த இடுக்கில் விழியின் வெள்ளை தெரிந்தது.

தொழுநோய் என்றார் டாக்டர். குணமாகும், மாத்திரை இலவசம், சாப்பிட ஆரம்பித்ததுமே அடுத்தவருக்குப் பரவாது. ஆனால் இமையை மூடும் நரம்பு அடிபட்டிருக்கிறது, அது எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது.

"நான் போட்ட எண்ணெயாலயா டாக்டர்?"

"எண்ணெய் கெடுதல் பண்ணலம்மா. நாள்தான் போயிடுச்சு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது ஜுசாராவுக்கு.

மாத்திரையில் எடிலேயாவின் நிறம் கறுத்தது. நிவால்டோ வந்தான், ஆனால் படகை விட்டு இறங்கவில்லை. "அம்மாதான் கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு..." என்று இழுத்தான்.

"தள்ளிப் போடவேணாம். நீ போ," என்றாள் எடிலேயா.

அவன் கயிற்றை அவிழ்த்த வேகத்தைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அக்கா தன் முகத்தைத் தொட அவள் விடவில்லை. சண்டை போடவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொண்டாள். தூங்கப் போகும்போது இமையை இழுத்துப் பிளாஸ்திரியும் தானே ஒட்டிக்கொண்டாள்.

ஒரு வருஷத்தில் மாத்திரை முடிந்தது. நோய் போய்விட்டது, திட்டும் மங்கியது. இமை மட்டும் பாதியில் நின்றது. பெலெம் நகரத்தில் ஒரு தையல் கூடத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி எடிலேயா துணிகளைக் கட்டினாள்.

படித்துறையில் ஜுசாரா கேட்டாள்: "என் மேல கோவமாடி?"

"நீ வேணும்னு செய்யலன்னு தெரியும்க்கா. ஆனா தினம் கண்ணாடி பாக்கும்போது உன் விரல்தான் ஞாபகம் வருது. அதை நான் என்ன பண்ணட்டும்?"

ஜுசாரா துணி மூட்டையைப் படகில் எடுத்துக் கொடுத்தாள். படகு கிளம்பியது.

இப்போதும் அவள் எண்ணெய் வடிக்கிறாள். கொசுக்கடிக்கு, மூட்டு வலிக்குக் கொடுப்பாள். முகத்துக்கு என்று கேட்டால் தருவதில்லை, டவுனுக்குப் போகச் சொல்கிறாள். தலைக்கனம் வந்துவிட்டது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எடிலேயா எப்போதாவது போனில் பேசுகிறாள். வேலையைப் பற்றி, மழையைப் பற்றி. கண் எப்படி இருக்கிறது என்று ஜுசாரா இதுவரை கேட்டதில்லை.