ராயப்பனின் பிரேக் லைட்

தொண்ணூற்று மூன்றில், கள்ளிக்குப்பம் ராயப்பன் பழைய மாருதி ஒன்றை வாங்கியதற்கு ஒரே காரணம்தான். பெண் பார்க்க சைக்கிளில் போனவன் அவன். அன்று சைக்கிளை ஏற இறங்கப் பார்த்த மாமனார் அந்தோணிராஜை ஒருநாளாவது கார் முன்சீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும். ஐந்து மாதமாகியும் மாமனார் கார்க் கதவைத் தொடவில்லை.

அதற்குக் காரணம் ராயப்பனின் வாய். ஓட்டக் கற்ற வாரமே, "பிரேக்கா? அதெல்லாம் கத்துக்குட்டிங்க மெதிக்கிறது மாமா. பூந்தமல்லி வரிக்கும் கால் அதும்மேல படாது" என்று அவரிடம் அளந்திருந்தான். அப்படிப்பட்டவனோடு ஏறிப் போக அந்தோணிராஜுக்கு உயிர்மேல் அவ்வளவு வெறுப்பு இல்லை.

உண்மையில் ராயப்பன் அளவுக்கு பிரேக்கை நேசித்தவர் அம்பத்தூர் வட்டாரத்திலேயே கிடையாது. கோழி தெரிந்தால் மிதிப்பான். கோழி வளர்க்கக்கூடிய வீடு தெரிந்தாலும் மிதிப்பான். இது ஊருக்குத் தெரியாமல் இருந்தது பிரேக் லைட் எரியாத புண்ணியத்தில்.

ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பத்தில் கொழுந்தியாள் குழந்தைக்கு ஞானஸ்நானம். சனிக்கிழமை சாயங்காலமே மனைவி ஜெயசீலியின் தம்பி பால்ராஜ், பாடியில் ஃபேக்டரி வேலை முடிந்த கையோடு, பிரேக் லைட்டுக்குப் புது ஸ்விட்சுடன் வந்து இறங்கினான்.

"இன்னா அவசரம் மச்சான்? டீ சாப்புடு."

"நாளைக்கு நைனா என் ஸ்கூட்டர்ல உன் பின்னாடிதான் வர்றாரு மாமா. நீ சொல்லாம கொள்ளாம நின்னா நாங்க ரெண்டு பேரும் உன் டிக்கிலதான் இருக்கணும்."

பால்ராஜ் காருக்குள் தலைகீழாகப் புகுந்து, பெடலுக்கு மேலிருந்த பழைய ஸ்விட்சைக் கழற்றினான். கட்டைவிரல் அளவுதான் இருந்தது. புதியதை மாட்டி ஒயரைச் சொருகியதும் பின்னால் நின்ற ஜெயசீலி கத்தினாள்.

"டேய், மெதிக்காமயே எரியுதுடா!"

"அப்பிடியே வுட்டுடு," என்றான் ராயப்பன் ஆவலாக. "எப்பவும் எரிஞ்சா நல்லதுதான?"

"அப்ப நீ எப்ப மெதிக்கிறேன்னு பின்னாடி வர்றவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போறான்?"

ஜெயசீலி புருஷனை ஒரு மாதிரி பார்த்தாள். பால்ராஜ் ஸ்விட்சை இரண்டு சுற்று உள்ளே திருகி நட்டை முறுக்கினான். மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. ராயப்பன் முகமும் அணைந்தது.

மறுநாள் பிரேக்கையே தொடுவதில்லை என்று தீர்மானித்துக் கிளம்பினான். தீர்மானம் தெருமுனை வரை வந்தது. அப்புறம் எருமைக்கு ஒன்று, தண்ணி லாரிக்கு இரண்டு, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. கண்ணாடியில் பார்த்தான். பால்ராஜின் தோளுக்கு மேல் மாமனார் முகம், கோயில் திருவிழா சீரியல் செட்டைப் பார்ப்பதுபோல் இமைக்காமல் தெரிந்தது.

பந்தியில் பால்ராஜ் ஊருக்கே அறிவித்தான். "நாப்பத்தி மூணு வரிக்கும் எண்ணுனேன். அப்பால கண்ணு கூசிப் பூட்ச்சி."

பந்தி குலுங்கியது. ராயப்பன் தலை கவிழ்ந்து, பிரியாணி எலும்பொன்றை ஆராயத் தொடங்கினான். மாமனார் மட்டும் தயிர்ப் பச்சடி கேட்டு வாங்கினார்.

கிளம்பும்போது பால்ராஜ் ஸ்கூட்டரை உதைத்துத் தயாராக நின்றான். அந்தோணிராஜ் அதைத் தாண்டி நடந்துபோய், காரின் முன்கதவைத் திறந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நைனா, வண்டி இங்க கீது!"

"நீ போடா. பிரேக்கே புடிக்காம ஓட்றவன் நீதான்."

பின்சீட்டில் ஜெயசீலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராயப்பன் நெஞ்சை நிமிர்த்தி கியரைப் போட்டான். ஐம்பதடி போயிருப்பார்கள். சாலையோரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. ராயப்பன் மிதித்தான்.

"அது தூங்குது மாப்ளே," என்றார் மாமனார். "போலாம்."