உட்கார இடமில்லாத வீடு

நெவேனாவின் வீட்டில் ஒன்பது நாற்காலிகள் இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றிலிருந்து ஒன்றில்கூட யாராலும் உட்கார முடியவில்லை. பார்வைக்குக் காலியாகத்தான் இருக்கும். உட்காரப் போனால் வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று மெல்ல முட்டித் தள்ளும், லேசாகப் புளித்த வாசனை வரும், எழுந்துவிட வேண்டியதுதான். அவள் உறை ஊற்றிய தயிரின் நுண்ணுயிர்கள் பெருகி, பானை போதாமல் வீட்டுக்குள் குடியேறிவிட்டன என்பது ரொடோப்பி மலையில் அந்த ஊருக்கே தெரிந்த செய்தி. யாரும் பெரிதுபடுத்தவில்லை. நெவேனாவும் அவள் கணவன் ஸ்டோயிலும் நின்றபடியே சாப்பிட்டார்கள்; கட்டிலில் மட்டும் ஆளுக்கு ஓர் ஓரம் கிடைத்தது. லாபமும் இல்லாமல் இல்லை. ஊருக்குள் வரும் எந்த நோயும் அந்த வீட்டை எட்டிப் பார்க்கும், உட்கார இடமில்லை என்று கண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

நஷ்டம் ஒன்றே ஒன்று, டோங்கா. ஸ்டோயிலின் தங்கை, பக்கத்துப் பள்ளத்தாக்கில் வாழ்க்கைப்பட்டவள். விஷயம் வெளியே தெரியாத முதல் வாரத்தில் உறைக்கு ஒரு கரண்டி தயிர் வாங்க வந்தவளுக்கு, ஒரு மணி நேரம் நிற்க நேர்ந்தது. அந்த மலையில் விருந்தாளியை நிற்கவைப்பதைவிட நாயை ஏவிவிடலாம். நெவேனா உள்ளதைச் சொன்னாள். “தயிரு உக்காந்திருக்கா? இதை நம்ப நான் என்ன பச்சப் புள்ளையா அண்ணி?” என்று கேட்டுவிட்டுப் போனவள் பதினோரு வருடம் வாசல்படி மிதிக்கவில்லை. அத்தனை கோபத்திலும் தயிரை மறக்காமல் எடுத்துப் போனாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அறுபத்து நான்கின் வசந்தத்தில் ஸ்டோயிலுக்குப் பல் வீங்கியது. நகரத்து மருத்துவர் மூன்று வார மாத்திரை கொடுத்தார். நல்ல மாத்திரைதான், நாலாம் நாளே வீக்கம் வடிந்தது. ஆனால் நுண்ணுயிர்களில் நல்லவன் கெட்டவன் பார்க்க அதற்குத் தெரியாது. ஐந்தாம் நாள் ஸ்டோயில் தெரியாத்தனமாக ஒரு நாற்காலியில் சாய்ந்தான்; அது அவனைத் தள்ளவில்லை. ஊரே வந்து உட்கார்ந்து பார்த்தது. பாதிரியார் மூன்று நாற்காலி மாறினார். பானையில் பால் பாலாகவே கிடந்ததை நெவேனா மட்டும்தான் கவனித்தாள். அடுத்த வாரம் ஒரு வயிற்று நோய் வழக்கம்போல எட்டிப் பார்த்தது. இடம் இருந்தது, ஒன்பதிலும் உட்கார்ந்துகொண்டது. பத்தே நாளில் ஸ்டோயில் பாதியானான். வேறு மாத்திரை கொடுத்தால் நோய் சற்றுத் தள்ளி உட்கார்ந்தது, எழவில்லை. மருத்துவர் கையை விரித்தார். அவன் இல்லாத வீட்டில் தனியாக நிற்பதை நெவேனா நினைத்துப் பார்த்தாள்.

அந்த உறையின் வாரிசு உலகத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. மலை ஏறி இறங்கி நாத்தனார் வாசலில் போய் நின்றாள். “உன் அண்ணன் போயிடுவாரு போலிருக்கு டோங்கா. ஒரு கரண்டி உறை குடு. வேணும்னா ஒரு வருஷம் என்னை இங்கயே நிக்க வை.”

டோங்கா கதவை முழுதாகத் திறந்தாள். உள்ளே சாப்பாட்டு மேசை, நின்று சாப்பிடும் உயரத்துக்குக் கட்டை வைத்து ஏற்றப்பட்டிருந்தது. “பதினோரு வருஷமா நானும் நின்னுக்கிட்டுதான் அண்ணி இருக்கேன். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல,” என்றாள். நெவேனா முதலில் அழுதாள், பிறகு இருவரும் சிரித்தார்கள்.

டோங்காவும் உறையோடு கூடவே வந்தாள். நெவேனாவின் வீட்டில் சுண்டுவிரல் பொறுக்கும் சூட்டில் பாலை இறக்கி, உறை ஊற்றி, பானையைக் கம்பளியில் சுற்றினார்கள். அசைந்தால் உறையாது என்பதால் மூன்று மணி நேரம் அந்த வீட்டில் யாரும் தும்மவில்லை. ஸ்டோயில்கூட முனகலை விழுங்கினான். முதல் கரண்டி அவன் வாய்க்குள் போனதும் கதவோர நாற்காலி கிறீச்சிட்டது, பிறகு அடுத்தது. ஒன்பதாவதிலிருந்தும் எழுப்பப்பட்ட நோய், கொஞ்ச நேரம் சங்கடமாக நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பேருந்து நிறுத்தம் பக்கமாகப் போனது. மறுநாள் காலை ஸ்டோயில் ரொட்டி கேட்டான்.

வாரக் கடைசியில் வந்த மருத்துவர் அவன் நாடியைப் பார்த்துவிட்டு, ஆச்சரியத்தில் உட்காரப் போய், உடனே எழுந்தார்.

“நின்னுக்குங்க டாக்டர், பழகிடும்,” என்றாள் டோங்கா.

மருத்துவர் நின்றார்.